நாலாவது கட்டம்

இரவு பன்னிரண்டரை மணி. ஒரு பக்கம் மூடிப்போன ஆலையின் மதில்... மறுபக்கம் முட்புதர். கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன, ஒன்றிலும் விளக்கில்லை. அந்தப் பாதையில் ஒரே ஒரு பைக் வருகிறது. ஓட்டுகிறவர் நம் நெட்டையனின் தங்கை புருஷன். இன்று சீட்டாட நெட்டையன் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே, அதைத்தான் சொல்கிறேன். சீட்டைக் கீழே வையுங்கள். அந்த ஜன்னலையும் யாராவது சாத்துங்கள்.

மாப்பிள்ளைக்குக் குளிர்பதனக் கிடங்கில் வேலை. வீடு திரும்ப நள்ளிரவு தாண்டிவிடும். கெட்டிச் சிக்கனக்காரர். பற்பசை தீர்ந்தால் டியூபைக் கத்தரித்து உள்ளே வழித்துத் தேய்க்கிற ஆள். ஆனால் அம்மா என்றால் உயிர். அந்த அம்மாவுக்கு நினைவு தப்பத் தொடங்கியிருந்தது. மாப்பிள்ளையின் அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகின்றன. கொத்தனார் வேலை பார்த்தவர். இருட்டினால் போதும், அந்த அம்மா பின்கதவில் போய் நின்றுவிடுவார்.

"உங்கப்பா வெளியில நிக்கிறாருடா. கதவைத் திற."

ஒரு நாள் அவரே திறந்துகொண்டு போய்விட்டார். ஆலை மதிலோரம் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்த தாயை, வேலை முடிந்து வந்த மாப்பிள்ளைதான் பைக் வெளிச்சத்தில் பார்த்தார். அந்த நேரம் ஒரு லாரி வந்திருந்தால்... அவ்வளவுதான். அன்றிலிருந்து அவருக்கு ஒரே பயம். அம்மா தன் கண்ணில் படாமல் போய்விடக் கூடாது.

கேமரா வாங்கினார். ஆள் வைத்தால் கூலி என்று தானே ஏணியில் ஏறினார். நாலு தேவை, கையிலிருந்த காசுக்கு மூன்றுதான் வந்தது. வாசலுக்கு ஒன்று, பக்கத்துச் சந்துக்கு ஒன்று, அம்மா படுக்கிற அறைக்கு ஒன்று. பின்கதவுக்கு? அதை நிலையோடு சேர்த்து ஆணி அடித்துவிட்டார். விரல் நீள ஆணிகள். திருடனை மிரட்ட வெளியே, கதவுக்கு மேலே, ஒரு பொம்மைக் கேமரா. வெறும் பிளாஸ்டிக் கூடு... உள்ளே பேட்டரி, ஒரு சிவப்பு லைட். வயரும் கிடையாது, லென்ஸும் கிடையாது.

நெட்டையன் சும்மா இருப்பானா? "என்ன மாப்ள, கண்ணு தெரியாதவனைக் காவலுக்கு வச்சிருக்கீங்க?"

"திருடனுக்கு அது தெரியாதுல்ல?"

ஆணி அடித்தபோது அந்த அம்மா பக்கத்தில் நின்று கெஞ்சினாராம். "அவரை வெளியில விட்டு அடைக்கிறியேடா." மகன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கேமராக்களோடு வாங்கிய ரெக்கார்டர் நாலு கேமராவுக்கானது, அதனால் போனில் நாலு கட்டம் வரும். மூன்றில் படம். நாலாவது கறுப்பு. கிடங்கில் பெட்டி தூக்குவதற்கு நடுவே கையுறையைக் கழற்றுவார், போனைப் பார்ப்பார், அம்மா படுத்திருக்கிறாரா... இருக்கிறார். கையுறையை மாட்டுவார். இரண்டு பெட்டி தூக்குவார். மறுபடி கழற்றுவார். கூட வேலை செய்கிறவர்களுக்கே சலித்துவிட்டது.

அப்படிப் பார்த்த ஒரு நாள்... நாலாவது கட்டத்தில் படம் இருந்தது.

பின்படி. கதவுக்கு மேலிருந்து பார்க்கிற மாதிரி. படியில் ஓர் ஆள், முதுகு காட்டி உட்கார்ந்திருக்கிறார். இடது தோள் சரிந்திருக்கிறது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கும் அப்படித்தான் இருக்கும். சாரத்திலிருந்து விழுந்து, எலும்பு கோணலாகச் சேர்ந்த தோள்.

வீட்டில் இருந்த மனைவிக்குப் போன் போட்டார். "அம்மா எங்க?"

"அத்தை தூங்குறாங்க. பக்கத்துலதான் இருக்கேன். ஏன் இப்படி மூச்சு வாங்குறீங்க?"

"பின்பக்கம் யாராவது இருக்காங்களான்னு பாரு."

அவள் நடக்கிற சத்தம். ஜன்னல் கொக்கி எடுக்கிற சத்தம். "யாரும் இல்லைங்க. ஆனா ஈர சிமெண்ட் வாசனை வருது... இங்க எங்கயும் கட்டட வேலை நடக்கலையே."

அன்று அந்தப் பாதையில் பைக்கை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. வந்ததும் ஏணி போட்டு அந்தக் கூட்டைக் கழற்றினார். பிரித்தார். பேட்டரி ஒழுகிப்போய்ச் செத்திருந்தது. வேறொன்றும் இல்லை. கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். மறுநாள் கிடங்கில் போனைத் திறந்தால்... அதே படி. அதே முதுகு.

"ஆணியைப் பிடுங்கித் திறந்துதான் பாத்துடுவோமே," என்றாள் அவள்.

"திறந்தா அம்மா போயிடுவாங்க," என்றார்.

அந்த மாதமே அம்மா போய்விட்டார். தூக்கத்தில், மருமகள் கையைப் பிடித்தபடியே. அறைக் கேமராவில் அம்மா அசையக்கூட இல்லை. வாசலிலும் சந்திலும் ஒரு பூனைகூடக் கடக்கவில்லை. நாலாவது கட்டத்தில் மட்டும், அந்த நேரத்தில்... படியில் இரண்டு முதுகு.

காரியமெல்லாம் முடிந்ததும் நெட்டையன்தான் போய்க் கேமராக்களையும் ரெக்கார்டரையும் கழற்றிப் பரணில் போட்டான். போனில் மூன்று கட்டமும் கறுத்துவிட்டது. நாலாவது கறுக்கவில்லை. மாப்பிள்ளை சாப்பிடும்போது பார்க்கிறார், குளிக்கப் போகுமுன் பார்க்கிறார். அழுகிறார். நான்தானே அடைத்தேன், நான்தானே அடைத்தேன் என்று அதையே சொல்கிறாராம். போன வாரம் படம் மாறியிருக்கிறது. இருவரும் கதவுப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்களாம். அம்மாவின் கை மட்டும் முன்னும் பின்னும் அசைகிறதாம். படத்துக்குத்தான் சத்தம் கிடையாதே... என்ன செய்கிறார் என்று முதலில் புரியவில்லையாம்.

இன்று சாயங்காலம் நானும் நெட்டையனும் இங்கே வரக் கிளம்பிக்கொண்டிருந்தோம். தங்கச்சி போன். ஸ்பீக்கரில்தான் போட்டான்.

"அண்ணே, சீக்கிரம் வாங்க. பின்கதவுல ஆணியெல்லாம் பிடுங்கிட்டு இருக்காரு. சொன்னா கேக்க மாட்டேங்குறாரு."

அவள் பேச்சுக்குப் பின்னால் எனக்கும் கேட்டது. ஆணி கிறீச்சென்று மரத்தை விட்டு வருகிறது... தரையில் விழுகிறது. உடனே, டொக் டொக். அடுத்த ஆணி. டொக் டொக்.

"தட்டுறது யாரு? மாப்ளயா?"

"இல்லண்ணே... அவரு ரெண்டு கையிலயும் சுத்தியலைப் பிடிச்சிருக்காரு."

நெட்டையன் செருப்புகூடப் போடாமல் ஓடினான். அதன்பிறகு எத்தனை முறை அடித்தும் அவன் போனை எடுக்கவில்லை. ஆனால் அவன் ஓடுவதற்கு முன் ஸ்பீக்கரில் கடைசியாக மாப்பிள்ளையின் குரல் கேட்டது. குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, மெதுவாக.

"இதோம்மா... இன்னும் ஒரே ஒரு ஆணிதான்."