கை போன பிறகு ஒரு சுற்று

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிறவர்களை எனக்குப் பிடிக்காது. வாரம் முழுக்க இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசராக நின்றுவிட்டு, கிடைக்கிற ஒரு மத்தியானத்தையும் வாயைப் பிளந்து எச்சில் ஒழுகத் தூங்கிக் கழிப்பது அசிங்கம். அதனால்தான் மண்ணூர்பேட்டையில் என் வீட்டு மாடியில் அந்த விளையாட்டை ஆரம்பித்தேன். சூதாட்டமா என்று கேட்டீர்கள். இல்லை ஐயா. ஒரு பைசா கைமாறியதில்லை.

ஆவடி ஆனந்தனுக்கு அவன் அண்ணன் வெளிநாட்டிலிருந்து அனுப்பிய விளையாட்டு அது. இங்கிலீஷ் புத்தகம். அகராதியை வைத்துக்கொண்டு நான்தான் முழுக்கப் படித்தேன். விளையாட வருகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு வீரன். கதையை நடத்துகிறவன் நான். குகை, பூதம், எதிரிப்படை எல்லாம் என் பொறுப்பு. வெட்டு பட்டதா இல்லையா என்பதை இருபது முகமுள்ள பகடை சொல்லும். இருபதே விழுந்துவிட்டால் அது சாதாரண வெட்டு இல்லை, கிரிட்டிக்கல். இன்னொரு தடவை உருட்டி, கண் போனதா, கால் போனதா, கை போனதா என்று புத்தகத்தில் பார்க்க வேண்டும். அழகான விதி. யார் முகத்தையும் பார்க்காது.

ஆனால் விளையாட வந்தவர்கள் அந்த விதிக்கு லாயக்கில்லாதவர்கள். குமணன்சாவடியில் வேன் ஓட்டுகிற உத்தமன், பஜ்ஜி தின்ற விரலோடு பகடையை எடுப்பான். உருட்டுமுன் அதில் வாயால் ஊதுவான். அவர்கள் போன பிறகு நான் சோப்பு போட்டுத் தேய்த்தாலும் அந்த எண்ணெய் வாடை போகாது. தோற்கிற மாதிரி இருந்தால் கெஞ்சுவான். வளர்ந்த ஆம்பிளை கெஞ்சுவதைப் பார்த்தால் எனக்குக் குமட்டும்.

ஒருநாள் உத்தமனுக்கு இருபது விழுந்தது. என் படைத்தலைவனின் வலது கை மணிக்கட்டோடு போயிற்று. அறுந்த கை தரையில் துள்ளுவதை உத்தமன் நடித்துக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள். நான் பொறுமையாக இருந்தேன். அடுத்த சுற்றில் படைத்தலைவன் இடது கையால் குத்துவாளை உருவி, உத்தமனின் வீரனைக் குத்திக் கொன்றான்.

"இன்னா அண்ணாத்தே இது? கையி பூட்ச்சின்னா ஆளு அங்கியே உய்ந்துடுவான். எப்டி குத்துவான்?"

"உய்ந்துடுவான்னு புக்குல எங்க போட்டுக்கீது?"

"புக்க உடு. கையி போனவன் நின்னுகினு இருந்தத நீ கண்ணால பாத்துக்கீறியா?"

ஆனந்தனும் அவன் பக்கம் சேர்ந்துகொண்டான். "அவன் சொல்றதும் சரிதான் அண்ணாத்தே. மாத்திக்கலாம், உடு" என்றான். மாற்றிக்கொள்வதாம். நான் மாட்டேன் என்றேன். எழுந்து போய்விட்டார்கள். அடுத்த ஞாயிறு யாரும் வரவில்லை.

அவன் கேட்டது நியாயமான கேள்வி என்பதை நான் மறுக்கவில்லை. பிரஸ் ஷாப்பில் விரல் போனதைப் பார்த்திருக்கிறேன். விரல் வேறு, கை வேறு. தெரிந்த கம்பவுண்டரைக் கேட்டேன். ஆளுக்கு ஆள் மாறும் என்றார். அது ஒரு பதிலா? பார்க்காமல் சொல்கிறவன் வாய்க்கு வந்ததைத்தான் சொல்வான்.

தங்கவேலைப் பற்றிக் கேட்டீர்கள். அவனோடு எனக்கு ஒரு தகராறும் கிடையாது. நல்ல வேலைக்காரன், லீவு போடாதவன். செம்பரம்பாக்கத்திலிருந்து சைக்கிள் மிதித்தே வருவான். வாட்டசாட்டமான உடம்பு. படைத்தலைவனும் அப்படிப்பட்டவன்தான். நோஞ்சானை வைத்துப் பார்த்துவிட்டு, விழுந்துவிட்டான் என்று முடிவு கட்டினால் அது நேர்மை ஆகாது.

அன்று சாப்பாட்டு மணி அடித்து, தங்கவேலைத் தவிர எல்லோரும் போன பிறகு, பெரிய பிரஸ்ஸில் தகடு மாட்டிக்கொண்டது. மாட்டிக்கொள்ளும்படி வைத்தது நான். "மெயினை ஆஃப் பண்ணிட்டேன், கையை விட்டு எடு" என்றேன். அவன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கையை விட்டான். மெஷின் தானாக இறங்கியது என்று ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறேன். அது பொய். அந்த பிரஸ்ஸில் இரண்டு பட்டன் உண்டு. இரண்டையும் இரண்டு கையால் சேர்த்து அழுத்தினால்தான் இறங்கும், தவறுதலாக இறங்கவே இறங்காது. நான் இரண்டு கையாலும் அழுத்தினேன்.

அவன் விழவில்லை ஐயா.

நின்றான். மணிக்கட்டைப் பார்த்தான். பிறகு இடது கையை நீட்டி, எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்த சிவப்பு பட்டனைத் தட்டி மெஷினை நிறுத்தினான். என் கையும் உள்ளே போய்விடும் என்று பயந்தானோ என்னவோ. அப்புறம் சாதாரணக் குரலில், "மெயின் ஆஃப் பண்ட்டேன்னு சொன்னீங்களே சார்" என்றான். அதன் பிறகுதான் சரிந்தான். ஒரு சுற்றுக்கு அது தாராளம். இடது கையால் ஒரு காரியமும் செய்து, பேசவும் பேசியிருக்கிறான்.

துண்டால் இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தது நானே. அவன் பெண்சாதி கன்னியம்மா வந்து, "நீங்க மட்டும் இல்லன்னா எம் புருஷன் செத்துப் பூட்டிருப்பான் சார்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். கண்ணீரும் மூக்குச்சளியுமாக என் கை நனைந்துவிட்டது. விடவே மாட்டேன் என்றாள். வெளியே குழாயடிக்கு வந்து நகக்கண் வரை கழுவினேன்.

மறுநாள் உத்தமனைத் தேடி குமணன்சாவடிக்குப் போனேன். டீக்கடையில் உட்காரவைத்து, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். இடது கை நீண்டதை நானே நடித்துக் காட்டினேன். சிரிப்பான் என்று நினைத்தேன், அவனுக்குப் பிடித்த விஷயம்தானே. கிளாஸைக் கீழே வைத்தான். ரோட்டோரம் போய்க் குனிந்து வாந்தி எடுத்தான். செருப்பெல்லாம் வாந்தி. கண்கொண்டு பார்க்க முடியவில்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "நீ மன்சனே இல்ல" என்றான். நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டான்.

தப்பு செய்தவன் நான்தான். மறைக்கவில்லை, கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. அந்த ஞாயிற்றுக்கிழமை, "நீ சொல்றதுதான் சரி அண்ணாத்தே" என்று உத்தமன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், தங்கவேலுக்கு இன்றைக்கு இரண்டு கையும் இருந்திருக்கும்.