பின்னோக்கி நடந்து பிறரை முன்னே நடத்திய நடையக்காவுக்கு

விழுந்தவரை எழுப்பி, எழுந்தவரை நிறுத்தி, நின்றவரை நடக்கவைத்த நல்லவரே! அன்பையும் அதட்டலையும் ஒரே மூச்சில் அள்ளித்தரும் அன்னையே! கர்த்தரின் கையைத் தாங்கள் பற்றிக்கொண்டு, கால் இழந்தோரைக் கண்பார்வையாலேயே கரைசேர்த்த காருண்யமே! எங்கள் செயற்கைக் கால் பட்டறையின் பயிற்சிக் கூடத்துக்கு இளமை முழுவதையும் ஈந்துவிட்டு இன்று பணி நிறைவு காணும் எங்கள் அருமை நடையக்கா அவர்களே! பட்டறையில் பணிபுரியும் நாங்கள் அனைவரும் தங்களை நெஞ்சார வணங்கி வாழ்த்துகிறோம்.

இப்படி அடுக்கினால் தாங்கள் முகம் சுளிப்பீர்கள் என்று தெரியும். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்று பாதியிலேயே துரத்திவிடுவீர்கள். ஆனால் இன்று கூடத்தின் நடுவில் நாற்காலி போட்டுத் தங்களை உட்காரவைத்துவிட்டோம். எங்கள் பேச்சைக் கேட்பதைத் தவிரத் தங்களுக்கு வேறு வழி இல்லை.

வந்திருக்கும் விருந்தினர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது. அடுத்த அறையில் நாங்கள் மாவுக்கட்டு போடும் மாவில் அச்சு எடுத்து, வார்த்து, இழைத்து, வார் பூட்டிக் கால் செய்கிறோம். செய்த கால் காலாவது இந்தக் கூடத்தில்தான். இடுப்பளவு உயரத்தில் இரண்டு கம்பிகள், அவை முடியும் இடத்தில் ஒரு நிலைக்கண்ணாடி, அவ்வளவே இதன் அலங்காரம். மற்ற இடங்களில் நடை பழக்குபவர்கள் நோயாளியின் பின்னால் நின்று இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். தாங்களோ முன்னால் நின்றீர்கள். முகத்துக்கு முகம் பார்த்து, தொடாமல் இரு கைகளையும் ஏந்தியபடி, பின்னோக்கியே நடந்தீர்கள். ஒருமுறையும் திரும்பிப் பார்க்கமாட்டீர்கள். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் கிடைத்தது.

"நான் திரும்பினா அவங்க கண்ணு என்னை விட்டுப் போயிடும். என் பின்னாடி பாத்துக்க ஆண்டவர் இருக்கார்."

ஆண்டவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் ஒருநாள் தாங்கள் மாவுக் கரைசல் வாளிக்குள் காலை விட்டு, அன்று மாலை வரை ஒற்றை வெள்ளைக் காலோடு வளைய வந்தீர்கள். எங்களோடு அச்சு எடுக்கும் மாவுக்கட்டு அண்ணனுக்குக் கொண்டாட்டம். கடவுள், ஜெபம் என்றாலே கிண்டல் பேசும் மனிதர் அவர். மேலே இருப்பவருக்கு வாளி கண்ணில் படவில்லையா என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவைத்தார். வாளியும் பட்டது, அதை வழியில் வைத்துவிட்டுக் கதையளக்கப் போனவரும் பட்டார் என்று தாங்கள் சொன்னதும் அண்ணன் வாளியைத் தூக்கிக்கொண்டு நழுவிவிட்டார்.

அக்கா அவர்களே! தங்கள் விசுவாசத்தை யார் தலையிலும் தாங்கள் கட்டியதில்லை. புதிதாக ஒருவர் எழுந்து நிற்கும்போது தங்கள் உதடுகள் மட்டும் சற்றே அசையும். எங்களில் வெவ்வேறு சாமியைக் கும்பிடுபவர்களும் கும்பிடாதவர்களும் உண்டு. அந்த அசைவுக்காக இழைப்பு இயந்திரத்தை நாங்கள் எல்லோரும் நிறுத்திவைப்போம். கடவுள் உங்களிடம் என்னதான் சொல்வார் என்று நடை பழக வந்த ஓர் இளந்தாய் கேட்டபோது, தாங்கள் பெரிதாக எதையும் சொல்லி அவளை மயக்கவில்லை.

"காதுல வந்து ஒண்ணும் சொன்னதில்லம்மா. அடுத்த அடிக்கு எடம் குடுப்பார். அதுக்கு அடுத்தது, அங்க போனாத்தான் தெரியும்."

அந்த அடுத்த அடிக்கு இடம் இல்லாமல் போனது போன்ற ஒரு காலமும் தங்களுக்கு வந்தது. அதைச் சொல்லாமல் இந்த மடலை முடிக்க எங்களுக்கு மனம் வரவில்லை. தங்கள் சம்மதம் கேட்டால் கிடைக்காது என்பதால் கேட்கவுமில்லை.

தங்கள் கணவரை, எங்கள் மாமாவை, விபத்து வீழ்த்தியது. லாரியின் உயரத்தில் உட்கார்ந்து ஊர் ஊராகச் சுற்றியவர், முழங்காலுக்கு மேலே வலது காலை இழந்து சக்கர நாற்காலிக்கு வந்தார். மாலையில் தங்களை அழைத்துப்போக வந்து, வாசலில் நின்று ஹாரன் அடித்து எங்களை எரிச்சலூட்டிய மனிதர், சுவரைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்கு அச்சு எடுப்பது யார், இழைப்பது யார் என்று எங்களுக்குள் சண்டையே நடந்தது. அப்படிச் செய்த கால் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது. என்னை விட்டுவிடுங்கள் என்பதே அவர் பேச்சு. இன்னும் நாளைக் கடத்தினால் இடுப்புத் தசை சுருங்கிப் போகும், பிறகு எந்தக் காலும் உதவாது என்று மருத்துவர் கைவிரித்தார். மாமா இனி நடப்பாரா, நாற்காலியோடு முடங்கிவிடுவாரா என்பது அந்த வாரத்தின் கையில் இருந்தது.

தங்கள் மகள் கெஞ்சிக் கூத்தாடி அவரை இங்கே கூட்டிவந்தாள். காலைப் பூட்டினோம். கம்பியைப் பிடித்து எழுந்தார். தாங்கள் எதிரே நின்று கைகளை ஏந்தினீர்கள். ஓர் அடி வைத்தார். இன்னொன்று வைத்தார். அப்போதுதான் தாங்கள், யாருக்காகவும் திரும்பாத தாங்கள், கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தீர்கள். மாமா அப்படியே பின்னாலிருந்த சக்கர நாற்காலியில் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

"நீயே திரும்பிப் பாக்கறே. நான் எதை நம்பி வர்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். மிக மெதுவாகச் சொன்னார். தாங்கள் பழைய அச்சுகள் கிடக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டீர்கள். எங்களில் யாருக்கும் தைரியம் வரவில்லை. கடைசியில் உள்ளே போனவர் மாவுக்கட்டு அண்ணன்தான். நடந்ததைப் பிறகு அவரே எங்களிடம் சொன்னார். ஊருக்கெல்லாம் சொன்னேன், என் வீட்டுக்காரர் என்று வந்ததும் பின்னால் ஒருவருமே இல்லை என்று தோன்றிவிட்டது என்று தாங்கள் அழுதிருக்கிறீர்கள். ஆறுதல் சொல்லத் தெரியாத அண்ணன், தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார்.

"எனக்குச் சாமியும் கெடையாது, கும்பிடும் கெடையாது. ஆனா அந்த வாளிக்கு அப்புறம், நீங்க பின்னாடி நடக்கறப்பெல்லாம் நான்தான் சாமானை ஒதுக்கி வெச்சுட்டு வர்றேன். யாரும் சொல்லல. ஏன் செய்யறேன்னு எனக்கே தெரியலக்கா."

தாங்கள் "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டீர்களாம். வெளியே வந்து மாமாவின் எதிரில் நின்றீர்கள்.

"திரும்பினது என் தப்பு. பயந்துட்டேன். இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா திரும்ப மாட்டேன். வாங்க."

மாமா எழுந்தார். தாங்கள் பின்னோக்கி நடந்தீர்கள், அவர் முன்னோக்கி வந்தார். தங்கள் முதுகு கண்ணாடியில் போய் இடித்தபோது, அவர் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்துத் தங்கள் கையைப் பிடித்தார். ஏன் அழறே, நான்தான் விழலையே என்று அவர் கேட்டதும், எங்களுக்குத் திடீரென்று உப்புத்தாள் தேடும் அவசர வேலை வந்துவிட்டது. ஆளுக்கொரு மூலையில் குனிந்துகொண்டோம்.

அஞ்சாமை அணிந்தவரே என்று தங்களை அழைக்கத்தான் முதலில் எழுதியிருந்தோம். பிறகு அடித்துவிட்டோம். அச்சத்தோடும் அடியெடுத்துவைத்தவரே என்பதே தங்களுக்குத் தகும். பயமே வராத ஒருவரைப் பார்த்திருந்தால் தூரத்தில் நின்று கைதட்டியிருப்போம். நடுங்கிக்கொண்டே நம்பிய தங்களைப் பார்த்ததால்தான், எங்கள் வீட்டுத் துன்பங்களிலும் எங்களால் எழுந்து நிற்க முடிந்தது. இதற்கு நன்றி என்ற ஒரு சொல் போதாது. அதைவிடப் பெரிய சொல் எங்களிடம் இல்லை.

தங்களை இதுவரை நடத்திய தேவன், இனி வரும் காலமெல்லாம் நோயற்ற உடலும் நோகாத மனமும் நிறைந்த ஆயுளும் தந்து நடத்துவாராக! பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சூழ, அதட்டுவதற்கு ஆள் குறையாமல் தாங்கள் நீடு வாழ்க!

இன்னும் எழுத ஆசைதான். ஆனால் இந்த மடலை வாசித்து முடிக்கும்வரை தான் உட்காரப்போவதில்லை என்று மாமா நேற்றே எங்களிடம் சொல்லிவிட்டார். இதோ, முன்வரிசையில் நாற்காலியைத் தள்ளிவிட்டு, எதையும் பிடிக்காமல் நின்றுகொண்டிருக்கிறார். நாங்கள் முடித்துக்கொள்கிறோம். அக்கா, அவரை உட்காரச் சொல்லுங்கள்.

என்றும் தங்கள் அன்பையும் அதட்டலையும் மறவாத,
பட்டறைப் பணியாளர்கள்