நாங்கள் வெட்டி எறிந்த அளவுகள்

கம்பியில்லாத் தொடர்புப் பிரிவில் முப்பத்தோர் ஆண்டுகள் அரும்பணி ஆற்றி இன்று விடைபெறும் முதுநிலைப் பொறியாளர் அம்மையார் அவர்களுக்கு, பிரிவின் பணியாளர்கள் பதினெழுவரும் தலைகுனிந்து வாசித்தளிக்கும் மடல்

இரைச்சலுக்கு இளைக்காத எங்கள் மூத்தவரே! காற்றில் கலந்து கலங்கி வரும் குறிப்பைக் கணக்கால் கண்டெடுத்த கண்ணியமே! பொறுமையைப் பொறியியலோடு சேர்த்துப் பயின்ற பெருந்தகையே! வணக்கம்.

இப்படி அடைமொழி அடுக்குவது எங்களுக்குக் கைவந்த கலை. பெயரையும் ஆண்டையும் மாற்றினால் எவருக்கும் பொருந்தும் மடல் ஒன்று அலுவலகக் கணினியில் தயாராகவே இருக்கிறது. சென்ற மூன்று பேரை அதைக் கொண்டுதான் வழியனுப்பினோம். மூன்றாமவர் ஆண் என்பதை மறந்து 'அம்மையீர்' என்று வாசித்ததும், அவரும் அடக்கமாகக் கைகூப்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். உங்களுக்கும் அதையே எடுத்திருப்போம். ஆனால் இம்முறை எழுதும் பொறுப்பு எங்கள் கணக்கீட்டாளர் தலையில் விழுந்தது. உங்கள் சாதனைகளைப் பட்டியலிடலாம் என்று அவர் பழைய கோப்புகளைத் திறந்தார். அங்கே எங்கள் பிழை கிடந்தது. அதைச் சொல்லாமல் உங்களைப் பாராட்டினால் எங்கள் நாக்கே எங்களை மன்னிக்காது.

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் கணவருக்கும் மகளுக்கும் விளங்கும்படி ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். ரேடியோ அலை போட்ட கோட்டில் வந்து சேர்வதில்லை. இரும்பில் மோதி, சுவரில் தெறித்து, பாதி தேய்ந்து, அடுத்தவர் அலைகளோடு இடிபட்டுத்தான் வருகிறது. வழி அதை என்ன பாடுபடுத்தியது என்று தெரிந்தால்தான் வந்ததைத் திருத்திப் படிக்க முடியும். அதற்காக இருமுனைக்கும் முன்பே தெரிந்த குறி ஒன்றை அனுப்புவோம். அதற்குப் பைலட் என்று பெயர். அனுப்பியதையும் வந்ததையும் ஒப்பிட்டால் வழியின் குணம் புலப்படும். ஆனால் குறுக்கீடு மிகுந்த இடத்தில் அந்தப் பைலட்டே சிதைந்து வந்தால் எதை வைத்து ஒப்பிடுவது? இந்த ஒரு கேள்விக்கு உங்கள் வாழ்நாளில் ஏழாண்டுகளைக் கொடுத்தீர்கள்.

துறைமுகத்துச் சரக்கு முற்றத்தில் கிரேன்களை அறைக்குள் இருந்தபடி ரேடியோ வழியாக இயக்குகிறார்கள். தொடர்பு அறுந்தால் கிரேன் அப்படியே நின்றுவிடும்; பெட்டி அந்தரத்தில் தொங்கும். வெல்டிங்கும் பெரிய மோட்டார்களும் திடீர் திடீரென்று மின் இரைச்சலை வெடித்துக் கொட்டும் இடம் அது. பழைய முறை எல்லாப் பைலட் அளவுகளையும் கூட்டிச் சராசரி எடுத்தது. ஒரு வெடிப்பு புகுந்தாலும் கணக்கு கெட்டது. உங்கள் முறையோ எந்த அளவை எவ்வளவு நம்பலாம் என்று எடைபோட்டது. அதைச் சோதிக்க நான்கு மாதம் தலைக்கவசத்தோடும் ஆன்டெனாவோடும் அந்த வெயிலில் அலைந்தீர்கள். "என்னம்மா, பட்டாம்பூச்சி பிடிக்கிறீங்களா?" என்று கேட்ட கிரேன் ஓட்டுநரிடம், "பிடிச்சா உங்களுக்குத்தான் தர்றேன்" என்றீர்களாம்.

அந்தப் பதிவுகள் எங்கள் கணக்கீட்டாளரிடம் வந்தன. எந்தத் தரவு வந்தாலும் முதலில் அதைக் குளிப்பாட்டிவிடுவது அவர் வழக்கம். சராசரிக்கு மூன்று மடங்கு மேலே போகும் அளவு எதுவானாலும் வெட்டிவிடுவார். மற்ற வேலைகளுக்கு அது நல்ல பழக்கம்தான். இங்கே அவர் வெட்டியது நீங்கள் பிடிக்கப் போன வெடிப்புகளையே. வெட்டியது போக மிஞ்சியதில் இரண்டு முறைகளும் ஒரே விடையைத் தந்தன. உங்களுடையது நான்கு மடங்கு நேரம் எடுத்தது.

எட்டாண்டுகளுக்கு முன் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் நீங்கள் கேட்டீர்கள்: "வெடிப்பே காணோமே, ஏன்?"

"டேட்டா சுத்தமா இருக்கு மேடம்," என்றார் அவர்.

சுத்தம் செய்துவிட்டேன் என்ற பொருளில் அவர் சொன்னார். அங்கே வெடிப்பே இல்லை என்ற பொருளில் நீங்கள் கேட்டுக்கொண்டீர்கள். நாங்களும் அப்படியே கேட்டுக்கொண்டு தலையாட்டினோம். எத்தனை அளவுகள் வெட்டப்பட்டன என்று ஒருவர் கேட்டிருந்தால் போதும், ஒருவரும் கேட்கவில்லை. இருபது நிமிடத்தில் உங்கள் முறை ஓரங்கட்டப்பட்டது. அடுத்த மாதம் நீங்கள் கீழ்த்தளத்தில் ஜெனரேட்டரை ஒட்டிய கருவிச் சரிபார்ப்பு அறைக்கு மாற்றப்பட்டீர்கள். இல்லாததைக் கண்டவர் என்று உங்களுக்கு 'வெடி மேடம்' எனப் பட்டப்பெயரும் வைத்தோம். உங்கள் காதிலும் அது விழுந்திருக்கும். வெட்கமாக இருக்கிறது.

மூன்று வாரங்களுக்கு முன் கணக்கீட்டாளர் வெட்டாத பதிவுகளை எடுத்து மீண்டும் கணக்கிட்டார். ஆயிரம் செய்திகளில் பழைய முறை தவறவிட்டவை இருநூற்றுப் பத்து. உங்கள் முறை தவறவிட்டவை பத்தொன்பது. சாப்பாட்டைத் திறக்காமல் கீழ்த்தளத்துக்கு இறங்கி வந்தார். நீங்கள் மீட்டர்களுக்குத் தேதிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தீர்கள். வழியெல்லாம் ஒத்திகை பார்த்த பேச்சு அவருக்கு வாசலிலேயே மறந்துவிட்டது.

"மேடம், வெடிப்பு இருந்துச்சு. நான்தான் வெட்டிட்டேன்."

அவர் திட்டுக்குத் தயாராக நின்றார். நீங்களோ உங்கள் முறை தவறவிட்ட எண்ணிக்கையைக் கேட்டீர்கள். சொன்னார். "ஆயிரத்துக்கா?" என்று கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்தீர்கள்.

"நான்தான் இல்லாததைப் பார்த்துட்டேன்னு நினைச்சேன்பா. அதுக்கப்புறம் புதுசா எதையும் தொடப் பயமா இருந்துச்சு."

இதை அவர் மேலே வந்து எங்களிடம் சொன்னார். பதவி உயர்வு போனதும் அறை மாறியதும் மட்டுமே நாங்கள் செய்த தீங்கு என்று எண்ணியிருந்தோம். உங்கள் கண்ணையே நீங்கள் நம்பாதபடி செய்துவிட்டோம் என்பது அன்றுதான் உறைத்தது.

திருத்திய அறிக்கை உங்கள் பெயரில் மேலிடத்துக்குப் போயிருக்கிறது. உங்கள் முறை அடுத்த மாதம் கிரேன்களில் ஏறுகிறது. அதைப் பார்க்க நீங்கள் இங்கே இருக்கமாட்டீர்கள். தொடப் பயந்து நீங்கள் தொடாமல் விட்ட எட்டாண்டு வேலை என்னவாகியிருக்கும் என்று மதிப்பிட எங்களிடம் எந்த முறையும் இல்லை. விருந்தினர் முன்னிலையில் மன்னிப்புக் கேட்டு உங்களைச் சங்கடப்படுத்தவும் மாட்டோம். மன்னிப்பதும் மறுப்பதும் உங்கள் உரிமை.

உடல் நலமும் உள்ள அமைதியும் குன்றாமல் குடும்பத்தாரோடு நெடுங்காலம் வாழுங்கள். கைக்கு எது அகப்பட்டாலும் பயமின்றிப் பிரித்துப் பாருங்கள். இம்மடலின் கடைசி வரியைக் கணக்கீட்டாளர் தாமே எழுந்து வாசிக்க விரும்புகிறார்:

நீங்கள் பார்த்தது அங்கே இருந்தது, மேடம்.

இப்படிக்கு,
அன்று தலையாட்டிய பதினொருவரும்,
பின்னர் வந்து பட்டப்பெயரை மட்டும் கற்றுக்கொண்ட அறுவரும்