பரவாயில்லை என்பவர்கள்

எனக்குச் சத்தம் ஆகாது. வீட்டில் மிக்ஸி ஓடினால்கூட எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவேன். அப்படிப்பட்டவனை விமான நிலையக் கவுன்டருக்கு மேற்பார்வையாளராகப் போட்டார்கள். என் காலத்தில் அந்தக் கவுன்டரில் ஒரு சண்டை நடந்ததில்லை. வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள், ஐயா.

மேல் வகுப்பில் சில நாள் இடம் குறையும். அன்று ஒருவரைக் கீழ் வகுப்புக்கு இறக்கித்தான் ஆக வேண்டும். கடைசியாக டிக்கெட் வாங்கியவரை இறக்கு என்கிறது விதி. விதி எழுதியவர் கவுன்டரில் நின்றவர் இல்லை. நான் ஆளைப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். பையை இன்னொருவர் காலில் இடித்துவிட்டு இரண்டு தரம் மன்னிப்புக் கேட்கிறவர், வரிசையில் பின்னால் வந்தவருக்கு வழிவிடுகிறவர், இவர்கள்தான் என் ஆட்கள். குனியக் குனியக் குட்டுவார்கள் என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். நான் குட்டியதில்லை. குனிந்தே நிற்பவரை இன்னும் கொஞ்சம் நகர்ந்து நிற்கச் சொன்னேன், அவ்வளவுதான்.

இறக்கப்பட்டவர்களுக்குப் பணம் திருப்பித் தருகிற மேசையும் என்னுடையதே. அடிக்கிற கைதான் அணைக்கும் என்பார்களே, அதுபோல. அவர்கள் மேல் வகுப்பு டிக்கெட்டை மாதக்கணக்கில் முன்னதாக, சலுகை விலையில் வாங்கியிருப்பார்கள். கீழ் வகுப்பின் விலையை நான் பறக்கிற அன்றைய விலையில் எடுத்துக்கொள்வேன். அன்று அது தீ விலை விற்கும். கழித்துப் பார்த்தால் ஒன்றும் மிஞ்சாது. சில பேர் நமக்குத் தர வேண்டியிருக்கும். அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை.

அந்தத் தையற்காரர் விஷயத்துக்கு வருகிறேன். அன்று மேல் வகுப்பில் ஓர் இருக்கை பழுது. விதிப்படி இறங்க வேண்டியவர் ஒரு கட்டட ஒப்பந்ததாரர். பெட்டி எடை கூடிவிட்டதென்று சொன்னதற்கு அவர் போட்ட சத்தம் பக்கத்து நிறுவனக் கவுன்டர் வரை கேட்டது. அவருக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் தையற்காரர். பக்கத்தில் அவர் மனைவி. அந்த அம்மாவுக்குக் கீழ் வகுப்பு டிக்கெட். மகள் அனுப்பிய பணம் ஒரு படுக்கை இருக்கைக்குத்தான் போதுமானதாக இருந்ததாம்.

நான் தையற்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐயா, இவருக்கு இப்பத்தான் இடுப்புல ஆபரேஷன் ஆச்சு. உட்கார்ந்துக்கிட்டே போனா கால்ல ரத்தம் கட்டிக்கும், படுத்துக்கிட்டுத்தான் போகணும்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

தையற்காரர் அவள் கையைத் தட்டினார். "விடும்மா. பாவம், சார் என்ன பண்ணுவாரு? பரவாயில்லை சார்."

வாழ்நாள் முழுக்க உட்கார்ந்தே தைத்தவர். இன்னும் ஓர் இரவு உட்காருவதா பெரிய கஷ்டம் என்று நினைத்தேன். நியாயம்தானே.

கதவு மூடுவதற்குச் சற்று முன் விமானத்திலிருந்து பணிப்பெண் போன் செய்தாள். ஒப்பந்ததாரர் வரவில்லை. ஓய்வறையில் குடித்துவிட்டு இன்னொருவரோடு தகராறு செய்து, காவலர்கள் பிடித்து வைத்திருந்தார்கள்.

"சார், மேல ஒரு படுக்கை காலியா இருக்கு. அந்தப் பெரியவரால உட்காரவே முடியலை. கூட்டிக்கிட்டு வந்து படுக்க வெச்சிடட்டுமா?"

"வேண்டாம்மா," என்றேன். "இறக்கினவரை மறுபடி ஏத்தினா, இறக்கினதே தப்புன்னு ஆயிடும்."

அவள் சரி சார் என்றாள். அவளும் நல்ல பெண்தான். படுக்கை காலியாகவே பறந்தது. விமானம் தரையிறங்கும்போது தையற்காரர் உயிரோடு இல்லை. காலில் கட்டிய ரத்தம் நெஞ்சுக்கு ஏறிவிட்டதாம்.

அவர் காலில் ரத்தம் கட்டும் என்று எனக்குத் தெரியும். படுக்கை காலி என்பதும் தெரியும். தெரிந்தேதான் வேண்டாம் என்றேன். மறைக்க நான் ஒன்றும் திருடன் இல்லை.

பிறகு அந்த அம்மா என் மேசைக்கு வந்தாள். மகள் அனுப்பி வைத்தாளாம். கணக்கைப் போட்டுக் காட்டினேன். உங்களிடமிருந்துதான் எங்களுக்குக் கொஞ்சம் வர வேண்டும், ஆனால் நாங்கள் கேட்கப்போவதில்லை என்றேன். அவள் நன்றி சொன்னாள்.

எழுந்தவள் மறுபடி உட்கார்ந்தாள். "பணம் கிடக்கட்டும் ஐயா. அவர் இடத்துல யாரு வந்தாங்க? அவங்களாவது நல்லாப் படுத்துத் தூங்கினாங்களா?"

அவள் மனம் நோகக் கூடாதே என்று எனக்குப் பட்டது. "ஒரு நோயாளிம்மா. உங்க வீட்டுக்காரரைவிட ரொம்ப முடியாதவர். பிழைச்சுக்கிட்டார்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்படின்னா பரவாயில்லைங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. புருஷனைப் பறிகொடுத்தவளே பரவாயில்லை என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் என்னை எதற்காகக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்கிறீர்கள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை.