எல்லாக் கோழிக்கும் ஒரே தீனி

மேடையில் அமர்ந்திருக்கும் ஆராய்ச்சி நிலைய இயக்குநர் அவர்களே, தீவன ஆலை மேலாளர் அவர்களே, கொட்டகைப் பணியாளர்களே, அத்தையின் தோழிகளே, வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என்னை அத்தையின் இந்த இரங்கல் கூட்டத்தில் குடும்பத்தின் சார்பில் பேசச் சொன்னார்கள். அழுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது.

நீங்கள் எல்லோரும் 'தராசு டாக்டர்' என்று கேலி செய்த கோழித் தீவன ஆய்வாளர், என் அத்தை, எதற்காக உழைத்தார்? வளரும் கோழியின் தீனியில் மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு அமினோ அமிலங்களைச் சரியான அளவில் சேர்த்தால், விலை கூடிய சோயாப் புண்ணாக்கை எவ்வளவு குறைக்கலாம் என்று கண்டுபிடிக்கத்தானே! மெத்தியோனின் குறைந்தால் இறகு ஒழுங்காக முளைக்காது. லைசின் குறைந்தால் நெஞ்சுச் சதை பிடிக்காது. கூடினால்?

மேலாளர் ஒருமுறை, "இன்னும் ரெண்டு கரண்டி அள்ளிப் போடுங்க டாக்டர், என்ன குறைஞ்சா போயிடும்?" என்றார்.

"ஆமா சார், குறைஞ்சுதான் போயிடும். அளவு மீறினா கோழி சரியா தீனி எடுக்காது. சோத்துல உப்ப அள்ளிக் கொட்டினா நீங்க சாப்பிடுவீங்களா?"

மேலாளர் சிரிக்கிறார். அன்று சிரிக்கவில்லை!

எங்கள் சமையலறைத் தராசையும் அத்தை விட்டுவைக்கவில்லை. "அண்ணி, கோழி உக்காந்த தராசுல நான் மாவு நிறுக்கணுமா?" என்று அம்மா கத்தாத நாளில்லை.

கொட்டகையில் ஒரு பக்கக் கோழிகளுக்கு அமிலம் சேர்த்த தீனி, மறுபக்கத்துக்குச் சேர்க்காத தீனி. அந்த வித்தியாசம்தான் சோதனையே. மருத்துவமனையில் மூச்சு வாங்கிக்கொண்டே, "ரெண்டு தீனியும் கலக்காம போடுறாங்களாடி?" என்று கேட்டார். "ஆமா அத்தை" என்றேன். அன்று அது உண்மைதான்.

அவர் போனபின் என்ன நடந்தது? மூத்த பணியாளர் கண்கலங்கச் சொன்னார்: "டாக்டரம்மா போயிட்டாங்க, இதுல பாதிக் கோழி சத்தில்லாமக் கெடக்கணுமா பாப்பா? அவங்க நெனப்பா ஒரு வாரமா எல்லாத்துக்கும் நல்ல தீனிதான் போடுறோம்."

ஒரு வாரமாக! ஐயா, உங்கள் அன்பைத் தலையில் அடித்துக்கொண்டுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. இனி எந்தக் கோழி எதனால் வளர்ந்தது என்று யார் சொல்வது? அத்தை இருந்திருந்தால் கூரை பறக்கக் கத்தியிருப்பார். மறுநாளே புதுக் குஞ்சுகளுக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்.

அதற்குக் கொட்டகை வேண்டுமே! இயக்குநர் வாசலில் வைத்து என்ன சொன்னார் தெரியுமா? "சோதனைதான் கெட்டுப்போச்சேம்மா. கொட்டகைய இடிச்சிட்டு அங்க அவங்களுக்கு ஒரு சிலை வெச்சிடலாம்."

சிலைக்கு எந்தத் தீனி போடுவது சார்?

அத்தையின் உதவியாளர் அக்கா முதலிலிருந்து தொடங்கத் தயார். வார விடுமுறைகளில் எடை பார்க்க நான் வருவேன். பணியாளர்களே, இந்த முறை தயவுசெய்து இரக்கப்படாதீர்கள்!

அடுத்து மௌன அஞ்சலி என்கிறார்கள். அதற்கு முன் இயக்குநர் அவர்களே, கொட்டகை இருக்குமா, இருக்காதா? தலையாட்டினால் போதாது. ஒலிபெருக்கி இதோ. நகர்ந்து நிற்கிறேன், இறங்க மாட்டேன்.