இறால் திரும்பிய ஏரி

ஏரி இறாலை வேகவைக்கிறவர்கள் பெரும்பாலும் அவசரப்பட்டுத்தான் கெடுக்கிறார்கள். உப்பும் சதகுப்பைப் பூவும் போட்டுக் கொதித்த தண்ணீரிலேயே ஒரு நாள் முழுக்க ஊறவிட வேண்டும். அப்போதுதான் ஓட்டுக்குள் ருசி இறங்கும். நீங்கள் ஸ்டாக்ஹோம்காரர், கடையில் பெட்டியாக வாங்குகிறவர். இது தெரிந்திருக்க நியாயமில்லை. அந்த ஒலிப்பதிவுக் கருவியை இன்னும் கொஞ்சம் இப்படித் தள்ளி வையுங்கள். நான் உரக்கப் பேசுகிற ஆள் இல்லை.

என் பெயர் சிக்ஸ்டன் ஹெட்லுண்ட். இந்த நகராட்சியின் நீர்ப் பொறியாளனாக இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் வடிகட்டிப் படுகையை நான்தான் பார்த்துக்கொண்டேன், ஏனென்றால் வேறு யாருக்கும் அதன் சூட்சுமம் தெரியாது. ஊரில் என்னைக் 'கசட்டுச் சிக்ஸ்டன்' என்பார்கள். அந்தப் பெயரை வைத்தவள் என் அடுத்த வீட்டு பார்ப்ரோ. நீங்கள் யாரைப் பற்றிக் கேட்க வந்தீர்களோ, அவளேதான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மன்னிப்புக் கேட்பேன் என்று காத்திருந்தால் உங்கள் காபிதான் ஆறிப்போகும். மலைமேல் மூடிக் கிடக்கும் துத்தநாகச் சுரங்கத்திலிருந்து எழுபது வருடமாக விஷத் தண்ணீர் இந்த ஏரியில் இறங்கிக்கொண்டிருந்தது. உங்கள் சுற்றுச்சூழல் துறை என்ன செய்தது? அறிக்கை எழுதியது. கரையில் எச்சரிக்கைப் பலகை நட்டது. பலகை உளுத்துப்போனதும் இன்னொரு பலகை நட்டது.

அதே ஊரில், மூடிப்போன இரும்பாலையின் உலைக் கசடு மலைபோல் குவிந்து கிடந்தது. அதை உடைத்து, சலித்து, படுகையாகப் பரப்பி, சுரங்கத் தண்ணீரை அதன் வழியே விட்டால் காட்மியமும் ஈயமும் கசட்டுத் துணுக்குகளின் மேல் ஒட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு குப்பையை வைத்து இன்னொரு குப்பையைப் பிடிப்பது. இதைச் சொன்னபோது உங்கள் துறையில் சிரித்தார்கள். பார்ப்ரோ சிரிக்கவில்லை. அவள் அப்போது பள்ளிப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங் பக்கத்தில் ஒரு மனுத் தாளை வைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஏற்றவந்த பெற்றோர் ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கினாள். நகராட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, "இந்த ஆளு பொண்டாட்டிகிட்டகூட இவ்வளவு ஆசையா பேசுனதில்ல, கசடப் பத்திப் பேசுறான். விட்டுத்தான் பாருங்களேன்" என்றாள். கூட்டமே சிரித்தது. அனுமதியும் கிடைத்தது.

மூன்றாம் வருட ஆகஸ்டில் இறால் வந்தது. இந்த ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொன்னாலும் விளங்காது. அழுக்குத் தண்ணீரில் இறால் நிற்காது என்று தொட்டிலில் கிடக்கும்போதே எங்களுக்குச் சொல்லிவிடுவார்கள். ஆய்வகச் சான்றிதழை யாரும் படிப்பதில்லை, ஏரியில் போட்ட இறால் கூண்டைத் தூக்கிப் பார்ப்பார்கள். அந்த வருடம் ஏரிக்கரையில் நீளமாக மேசை போட்டோம். காகிதத் தொப்பி, நிலா முகம் வரைந்த விளக்குகள், ஸ்னாப்ஸ் சாராயம், பாட்டு. எனக்கு எழுந்து நின்று கைதட்டினார்கள். பார்ப்ரோ அழுதாள். நானும் அழுதேன், அதை மறைக்க மாட்டேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நாள் வேறில்லை.

ஆறாம் வருடம் படுகை நிறைந்துவிட்டது. கசட்டுக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. பேருந்தில் எல்லா இருக்கையும் நிரம்பிவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் ஏற முடியாது, அவ்வளவுதான். காட்மியம் நேராக ஏரிக்குப் போக ஆரம்பித்தது. அந்த வசந்தத்தில் வந்த முதல் அளவீட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

புதுக் கசடு போட்டிருக்கலாமே என்கிறீர்கள். இரும்பாலைக் குவியலை அதற்குள் சாலை போட எடுத்துப் போய்விட்டார்கள். வேறு நான்கு ஆலைகளின் கசட்டைச் சோதித்தேன், ஒன்றும் காட்மியத்தைப் பிடிக்கவில்லை. வெளியே சொல்லியிருந்தால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மறுபடி பலகை. என் படுகையைப் பார்த்துத் தங்கள் ஊரில் தொடங்கியிருந்தவர்கள் எல்லாரும் நிறுத்தியிருப்பார்கள். ஒரு நல்ல யோசனை ஒரு ஏரியால் செத்துப்போகும். அதை நான் அனுமதிக்கவில்லை.

அதனால் மாதிரிப் புட்டிகளை என் சமையலறைக் குழாயில் நிரப்பினேன். முழுக்கக் குழாய்த் தண்ணீர் இல்லை. அப்படி அனுப்பினால் ஆய்வகத்தில் புருவம் உயரும். பன்னிரண்டு பங்குக்கு ஒரு பங்கு ஏரித் தண்ணீர் கலந்தேன். எண்கள் அழகாக வந்தன. உங்கள் துறை அவற்றைப் பாராட்டிக் கடிதம்கூட எழுதியது. கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

இறால் விஷயத்தில்தான் கொஞ்சம் மெனக்கெட வேண்டியிருந்தது. அதற்கு ஓடு கட்டச் சுண்ணாம்பு வேண்டும், கசட்டிலிருந்து தண்ணீரில் கரைந்து வந்த சுண்ணாம்பும் தீர்ந்துவிட்டிருந்தது. இறால் மறைந்துவிட்டால் ஊர் கேள்வி கேட்கும். ஒவ்வொரு வசந்தத்திலும் ஓடையில் நானே சுண்ணாம்பு மூட்டைகளைக் கொட்டினேன். சுண்ணாம்புத் தண்ணீரில் அது காட்மியத்தைத் தாங்கிக்கொள்ளும். சாகாது, உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெரும்பகுதி தலைக்குள் இருக்கும் அந்த மஞ்சள் குழம்பில்தான் சேரும். எங்கள் ஊரில் அதை உறிஞ்சித் தின்னாதவனை ஆளாகவே மதிக்க மாட்டார்கள்.

ஒரு ஆகஸ்டுக்கு ஒரு தட்டு இறால் தின்றால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தவன். பொறுப்பில்லாதவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பார்ப்ரோவின் பழக்கம்தான் கணக்கில் அடங்கவில்லை. விருந்து முடிந்ததும் எல்லார் தட்டிலிருந்தும் தலைகளைப் பொறுக்கிப் போய்ச் சாறு காய்ச்சுவாள். உறைபெட்டி நிறைய ஜாடி அடுக்கி, குளிர்காலம் முழுக்க வாரம் மூன்று நாள் சூப் வைப்பாள். ஐந்து குளிர்காலம் அப்படிப் போயிற்று. எனக்குத் தெரியும். எங்கள் இரண்டு சமையலறை ஜன்னல்களும் எதிரெதிரே இருக்கின்றன.

போன நவம்பரில் வாசற்படியில் சும்மா கால் வைத்தவளுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. பிறகு சிறுநீரகம். மாவட்ட மருத்துவமனை டாக்டர் அவளிடம், தொழிற்சாலையில் ஏதாவது வேலை பார்த்தீர்களா என்று கேட்டிருக்கிறார். அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்.

பிப்ரவரியில் ஊன்றுகோலோடு என் கதவைத் தட்டினாள். கையில் ஒரு ஜாடி.

"இதச் சோதிச்சுப் பாத்துச் சொல்லு சிக்ஸ்டன். அந்த டாக்டர் பொடிப்பய ஏரியில ஏதோ இருக்கலாம்னு உளறுறான். உன் படுகையக் கொற சொன்னா எனக்குப் பொறுக்காது. நீ இல்லைன்னு சொல்லிட்டா இல்லைதான்."

ஜாடியை வாங்கிக்கொண்டேன். சோதித்தேன், அதில் ஏமாற்று வேலை எதுவும் செய்யவில்லை. வந்த எண்ணை ஒரு தடவைக்கு இரண்டு தடவை சரிபார்த்தேன். இரண்டு நாள் கழித்து மிச்ச ஜாடியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஒண்ணுமில்ல பார்ப்ரோ. நல்ல சூப்பு."

அவள் முகத்தில் வந்த நிம்மதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்த நிம்மதியை அவளுக்குக் கொடுத்தது நான். பதினோரு வருடம் என்மேல் வைத்த நம்பிக்கையை உடைத்து, அந்த வயதில் அவளைத் தவிக்கவிட எனக்கு மனம் வரவில்லை. அதைக் குற்றம் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம். இரக்கம் என்று நான் சொல்வேன். மார்ச்சில் அவளைப் புதைத்தோம். தேவாலயத்தில் பேசியது நான்தான்.

அந்த ஜாடியை, பிப்ரவரியில் நான் திருப்பிக் கொடுத்த அப்போதே, அவள் அடுப்பில் வைத்தாள். க்ரீம் ஊற்றினாள், ரொட்டி நறுக்கினாள். "வாடா, சோதிச்சவனே முதல்ல சாப்பிடணும்" என்று எனக்கு ஒரு கிண்ணம் நிறைய ஊற்றி வைத்தாள். காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. வயிறு நிறைந்திருக்கிறது என்று சொல்லி, என் கிண்ணத்தையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தேன்.