குண்டடி வீடு

கிணற்று வேலைக்குப் போகிறவன் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக்கூடாது, ஐயா. ஒரு சொம்பு கம்பங்கூழ், கடிக்க ஒரு வெங்காயம். அதற்கு மேல் போனால் ஏணியில் மூச்சு வாங்கும். அன்றைக்கும் அதைத்தான் குடித்துவிட்டுப் போனேன். கை நடுங்கியதா என்று கேட்டீர்கள். இல்லை. முப்பது வருடமாகப் பாறைக்கு வெடி வைக்கிறேன். கை நடுங்குகிறவனாக இருந்தால் என்றைக்கோ போய்ச் சேர்ந்திருப்பேன்.

கன்னிவாடிப் பக்கம் எங்கள் வீட்டைக் குண்டடி வீடு என்பார்கள். மூக்கையா என்றால் பாதிப் பேருக்கு என்னைத் தெரியாது. குண்டடி வீட்டு மூக்கையா என்றால் பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள். என் அண்ணன் பெருமாள்சாமி வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு இத்தாலிக்குப் போய், நாற்பத்து நாலில் ஜெர்மன்காரன் குண்டுக்கு நெஞ்சைக் கொடுத்தவன். எனக்கு அப்போது பதின்மூன்று வயது. வந்த இங்கிலீஷ் காகிதத்தை அப்பா தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினார். சாகும்வரை யாரிடமும் படிக்கக் கொடுக்கவில்லை. எனக்குப் பெண் கிடைத்ததும் அந்தப் பேரால்தான். வேறு என்ன இருந்தது எங்களிடம்?

இந்த எண்பத்து மூன்று வறட்சியில், குடிதண்ணீர்க் கிணறு வெட்டித்தர ஒரு துரை வந்தார். வேபர் துரை. தமிழ் நன்றாகவே பேசுவார். அமெரிக்கன் என்றுதான் நினைத்திருந்தோம். ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில், பிறந்தது ஜெர்மனியில் என்று அவரே சொன்னார். சண்டை முடிந்தபின் அமெரிக்காவுக்குப் போய் அந்த நாட்டுப் பட்டாளத்தில் சேர்ந்தாராம். அவர்கள் இவரைத் திருப்பி ஜெர்மனிக்கே அனுப்பினார்களாம், மண்ணுக்குள் வெடிக்காமல் கிடந்த குண்டுகளைத் தோண்டி எடுக்க. அமெரிக்க உடுப்போடு பிறந்த தெருவில் நடந்தால் பக்கத்து வீட்டார் கதவைச் சாத்திக்கொள்வார்களாம். சொல்லிவிட்டுச் சிரித்தார். சட்டையை மாற்றினால் ரத்தம் மாறிவிடுமா?

அண்ணன் கதையைச் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார். தனக்கும் அந்த வருடம் பதின்மூன்று வயதுதான் என்றார். என் கையைப் பிடித்துக்கொண்டு, அண்ணன் சமாதி எங்கே என்று எழுதிக் கேட்டு போட்டோ வாங்கித் தருவதாகச் சொன்னார். பட்டாளத்துக் காகிதம் எதுவும் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் தகரப்பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போனேன். நான் செய்த தப்பு அது ஒன்றுதான்.

துரை இரண்டு தடவை படித்தார். கல் சுமக்கிற சிவனம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து சும்மாடு சுற்றிக்கொண்டிருந்தாள். எங்கள் தெருக்காரி, எனக்கு மதினி முறை.

"குண்டு இல்லை, மூக்கையா. காய்ச்சல். ஆஸ்பத்திரியில் இறந்தார். அண்ணன் சமையல் ஆள்" என்றார்.

"அப்ப குண்டடி இல்லையா தம்பி?" என்றாள் சிவனம்மாள். அவள் சிரித்திருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். பாவப்பட்டாள்.

நாற்பது வருடம் நெஞ்சில் குண்டோடு நின்றவனை இந்தத் துரை ஒரே நிமிடத்தில் கட்டிலில் படுக்கவைத்துச் சாகடித்துவிட்டான். எவன் கேட்டான் இவனிடம் உண்மையை? தெரிந்தாலும் வாயை மூடிக்கொள்கிற நாகரிகம் இல்லாதவன். அப்பாவுக்கு அது இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எத்தனை குழியில் மருந்து அடைத்தோம் என்பது வெடிக்காரனுக்குத்தான் தெரியும். மேலே நிற்கிறவர்கள் வெடிச் சத்தத்தை எண்ணுவார்கள். அவர்கள் எண்ணியதும் நான் சொல்வதும் ஒத்துப்போனால்தான் ஆள் இறங்கலாம். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு வேலை இல்லை. வெடிக்காத குழியில் கடப்பாரை பட்டால் அதோடு கதை முடிந்தது. அந்த வெள்ளிக்கிழமை ஏழு குழி அடைத்தேன். ஆறு திரிக்குத்தான் நெருப்பு வைத்தேன்.

வழக்கம்போலத் துரை விரல் மடக்கி எண்ணினார். ஆறு, சரியா என்று என்னைப் பார்த்தார்.

"ஆறுதான் துரை. எறங்கலாம்" என்றேன்.

எத்தனையோ வெடிக்காத குண்டுகளைத் தோண்டி எடுத்தவர். மறுபேச்சு இல்லாமல் ஏணியில் கால் வைத்தார். பின்னாலேயே போன சிவனம்மாள் என்னிடம், "வீட்டுல வெஞ்சனம் எதுவும் இல்லன்னு உன் பொண்டாட்டி சொன்னா. சாயங்காலம் வா தம்பி, முருங்கைக்காய் தாரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கினாள்.

உடைந்த பாறையை முதலில் நெம்பிப் பார்ப்பது எப்போதும் துரைதான். வேறு யாரையும் விடமாட்டார். அவர் ஏழாவது குழி இருந்த மூலைக்கு வர ஒரு பீடி பிடிக்கும் நேரம் ஆயிற்று. நான் பீடி பிடித்தேன். ஒரு குரல் கொடுத்திருந்தால் இரண்டு பேரும் மேலே வந்திருப்பார்கள். கொடுக்கவில்லை. ஏழாவது சத்தத்தை நான் மட்டும்தான் எண்ணினேன்.

சிவனம்மாள் உனக்கு என்ன கெடுதல் செய்தாள் என்று கேட்கிறீர்கள். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, ஐயா. துரை படித்தபோது அவளும் கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். ஏழு குழியை ஆறு என்று வேண்டுமென்றேதான் சொன்னேன், கைரேகை வைக்கிறேன். ஆனால் நடுவில் காய்ச்சல் என்று ஒரு வார்த்தை என் வாயில் வந்துவிட்டது, அதை அடித்துவிடுங்கள். முதல் வரியில் இப்படி எழுதுங்கள்: என் அண்ணன் பெருமாள்சாமி, இத்தாலியில் ஜெர்மன்காரன் குண்டடிபட்டுச் செத்தான்.